அந்தத் துணியை ஊற வைத்தது நான்

சாமு,

திங்கட்கிழமை நீ ஹைதராபாத் கிளம்புகிறாய். இன்று சனி. இதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் மூன்று முறை உன்னிடம் வந்தேன். முதல் முறை நீ குளித்துக்கொண்டிருந்தாய். இரண்டாம் முறை போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். மூன்றாம் முறை நீ சும்மாதான் உட்கார்ந்திருந்தாய். நான்தான் "டீ போடட்டாடா" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். நான் சமைக்கிற கேன்டீனில் நூறு பேருக்கு முன்னால் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிற வாய் இது. உன் முன்னால் வந்ததும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் எழுதுகிறேன். உன் துணியைப் பாழாக்கியது உன் நைனா இல்லை. நான். நாலு மாதமாக நீ முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது தப்பான ஆளிடம்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு. ஏனென்றால் இதில் எனக்கே புரியாத இடங்கள் இருக்கின்றன. ஏன் செய்தேன், அவர் ஏன் அப்படிச் சொன்னார், நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நாலு மாதமாகக் காய் நறுக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் அதுவே பொய் மாதிரி இருக்கிறது. நீ படித்தவன். உனக்காவது ஏதாவது பிடிபடுகிறதா பார்.

நம் வீட்டில் நைனாவின் சாயத்துணிக் கவர் வந்தால் என்ன செய்வோம் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. உன் நைனா சிப்காட்டில் சாயப்பொடி மூட்டை கட்டுகிற வேலைக்குப் போனபோது எனக்கு வயது இருபத்து மூன்று. முதல் ஆறு மாதம் எனக்கு அந்த நிறமெல்லாம் விளையாட்டாக இருந்தது. ஒரு நாள் காது மடல் நீலமாக வரும், ஒரு நாள் வியர்வை மஞ்சளாக வரும், தலையணையில் அவர் முகம் அச்சாக விழுந்திருக்கும். நான் சிரிப்பேன். பிறகு நீ பிறந்தாய். உனக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு மத்தியானம் அவர் வேலை முடிந்து வந்த களைப்பில் யூனிஃபார்மோடு பாயில் சாய்ந்தார், நீ தவழ்ந்துபோய் அவர் மார்பில் படுத்துத் தூங்கிவிட்டாய். எழுந்தபோது உன் ஒரு பக்கக் கன்னம் ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தக் கன்னம் வீங்கித் தடித்து, நீ கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. பொன்னேரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த டாக்டரம்மா உன் நைனாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னைத்தான் திட்டினார். "கெமிக்கல் துணியோட கொழந்தய படுக்க வெப்பியா, நீ அம்மாவா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்துதான் சட்டம். பொடி கொட்டிய துணி கதவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. கம்பெனியிலேயே கழற்றி, டிரம்முக்குள் போடுகிற கனத்த பிளாஸ்டிக் கவரில் திணித்து, முடிச்சுப் போட்டு எடுத்து வர வேண்டும். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதை நான்தான் பிரிப்பேன், கையால் இல்லை, கொம்பால். முதல் தொட்டியில் சலவை சோடா போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். இரண்டாவது தொட்டியில் பிளீச்சிங் பவுடர். எத்தனை வருஷம் இதைச் செய்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்? கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கல்லுக்குப் பக்கத்தில் கவர் இருந்தால் என் கை தானாக அடுப்பைப் பற்ற வைக்கும்.

அந்தச் சட்டத்தால் உனக்கு நான் செய்த ஒரு கொடுமையும் உண்டு. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம். கிழக்கிலிருந்து வருகிற மூன்று ராஜாக்களில் நீ ஒரு ராஜா. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் சரிகை வைத்துத் தைத்துவிட்டார்கள். உனக்கு நைனாவின் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துத் தைத்தேன். "ஒரு சிட்டிக கலர் கொண்டாறேன்மே, முக்கி எடுத்தா ராஜா மாதிரி ஆயிடும்" என்று அவர் கெஞ்சினார். ஒரு நாள் நிஜமாகவே காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தும் விட்டார். நான் அதைத் தட்டிவிட்டேன். சாக்கடையில் விழுந்து பத்து அடிக்கு ஊதாவாக ஓடியது. நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். நாடகத்தில் வெள்ளை வேட்டியோடு போய் நின்றாய், பிள்ளைகள் உன்னை "ஆஸ்பத்திரி ராஜா" என்று கூப்பிட்டார்கள். நீ வந்து என்னிடம் எதுவும் சொல்லவில்லை. உன் நைனாதான் சொன்னார். நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் உன்னைக் கூப்பிட்டு, ஏன் செய்தேன் என்று ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். செய்யவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அப்படி வளர்ந்த நீ, இருபத்தேழு வயதில், நல்ல கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் பர்மனென்ட் ஆன பிறகு, ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாய். அதில் நீ வரைந்த படம், பழவேற்காட்டு ஏரியில் இறங்குகிற பூநாரை மாதிரி ஒரு ஆள். கால் மட்டும் மனுஷக் கால். தோளிலிருந்து தரை வரைக்கும் சிறகு சிறகாக ஒரு அங்கி. "இது இன்னாடா" என்று கேட்டேன். "பறவைங்களுக்குக் காவல்காரன்மா. நானே உண்டாக்குனது. மெட்ராஸ்ல வேஷம் போட்டுக்கினு எல்லாரும் ஒரே எடத்துல கூடுவாங்க. நான் இத போட்டுக்கினு போகப்போறேன்" என்றாய். "காவல்காரன்னா காக்கிதானடா போடுவான்?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் கேலிக்குக் கேட்கவில்லை சாமு. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீ கொக்கு வேஷம் போடப் போகிறேன் என்கிறாய். நான் யாரிடம் போய் விளக்கம் கேட்பேன்?

துணியைக் கடையில் வாங்கிவிடுவாய் என்று நினைத்தேன். அப்படி ஒரு துணி கடையில் கிடைக்காது, நீயே சாயம் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேன்டீனில் இருக்கிற நேரமாகப் பார்த்து நீயும் உன் நைனாவும் வீட்டில் சாயம் காய்ச்சுகிறீர்கள் என்பதும் தெரியாது. பின்னால் அவர்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு மீட்டர் காடாத் துணியைச் சோடாத் தண்ணீரில் நனைத்துக் காய வைத்தீர்களாம். மெழுகை உருக்கிச் சிறகுச் சிறகாக அச்சு வைத்தீர்களாம். அந்த அச்சை அவர்தான் கம்பெனிக் கழிவில் கிடந்த ரப்பர் கேஸ்கெட்டை வெட்டிச் செய்து கொடுத்தாராம். மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளையாக நிற்கும் என்று நீ போனில் வீடியோ பார்த்துச் சொன்னாயாம். பொடியை எவ்வளவு போட்டால் ரோஜா நிறம், எவ்வளவு போட்டால் ரத்தச் சிவப்பு என்று அவர் சொன்னாராம். வருஷக்கணக்காக என் சட்டத்துக்குப் பயந்து அந்தப் பொடியைக் கதவுக்கு வெளியிலேயே வைத்த மனுஷன், உன்னோடு உட்கார்ந்து பிரஷ்ஷால் பூசியிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. பொறாமை. உங்கள் இருவருக்கும் ஒரு ரகசியம் இருந்திருக்கிறது, அதில் எனக்கு இடம் இல்லை, அதுவும் நான் காவல் காத்த அதே துவைக்கிற கல்லில்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மூன்றரை மணிக்கு நான் கேன்டீனிலிருந்து வந்தேன். கல்லுக்குப் பக்கத்தில் கவர் இருந்தது. அதே டிரம் கவர், அதே முடிச்சு. உள்ளே ஈரமாக, கறுஞ்சிவப்பாக ஒரு துணி. சாயம் நன்றாகப் பிடிக்க ஒரு நாள் முழுக்க ஈரம் காயாமல் கட்டி வைக்க வேண்டுமாம். அது எனக்கு எப்படித் தெரியும்? இன்றைக்குக் கம்பெனியில் சிவப்பு ஓடுகிறது போல, மதியமே யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு வந்தது எரிச்சல்தான். அடுப்பைப் பற்ற வைத்தேன். கொம்பால் துணியைத் தள்ளி முதல் தொட்டியில் போட்டேன். மேலே பாலாடை மாதிரி வெள்ளையாக ஏதோ மிதந்தது. கிரீஸ் என்று நினைத்தேன். அது நீங்கள் வைத்த மெழுகு. இது வரைக்கும் தெரியாமல் செய்தது. கர்த்தர் சாட்சியாக, தெரியாமல் செய்தது.

இனிமேல் வருவதுதான் உன் நைனாவிடம்கூட நான் முழுதாகச் சொல்லாதது. இரண்டாவது தொட்டிக்கு மாற்றக் கொம்பால் தூக்கினேன். துணி விரிந்தது. அதில் பாக்கெட் இல்லை, பொத்தான் இல்லை. சிறகு இருந்தது. வரிசை வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஓரத்தில் கருத்து, நடுவில் ரோஜாவாக. கொஞ்சம் கலங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. அப்போதே பச்சைத் தண்ணீரில் போட்டிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அது யூனிஃபார்ம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் நோட்டில் இருந்த படம் அது என்றும் தெரிந்துவிட்டது. அதை நான் பிளீச்சிங் தொட்டியில் போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்தின வாரம் நீ போனில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. சினிமாவுக்கு உடை செய்கிற ஹைதராபாத் ஆட்கள் அந்த வேஷ விழாவுக்கு வருவார்கள், வேஷம் நன்றாக அமைந்தால் வேலைக்கே கூப்பிடுவார்கள் என்று சொன்னாய். அது அந்த நேரத்தில் என் நினைவில் இருந்ததா? இருந்தது. அதற்காகத்தான் போட்டேனா? தெரியாது. உன் கன்னம் ஞாபகம் வந்ததா? வந்தது, இல்லை, பிறகு யோசிக்கும்போது வந்ததை அப்போதே வந்ததாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ. பழக்கத்தில் கை போட்டுவிட்டது என்று எனக்கே பல முறை சொல்லிப் பார்த்தேன். கை என்னுடையதுதானே. கொம்பைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறகெல்லாம் ஒவ்வொன்றாக வெளுக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது மட்டும் நிச்சயம்.

ஐந்து மணிக்கு உன் நைனா வந்தார். கல்லைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். "இன்னாமே பண்ண" என்றார். "யூனிஃபார்ம்னு நெனச்சிட்டேன்யா" என்றேன். அவர் இரண்டாவது தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீ உள்ளே நுழைந்ததும் நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார், "நான்தான்டா ஊற வெச்சிட்டேன். யூனிஃபார்ம்னு நெனச்சிட்டேன்" என்று. பொய் சொல்லவே தெரியாத மனுஷன். நீ உடனே பிடித்துக்கொண்டாய். "நீதான நைனா காலைல முடிச்சு போட்ட? உனக்குத் தெரியாதா? வேணும்னே பண்ணியிருக்க. நான் போயிடுவேன்னு பண்ணியிருக்க" என்றாய். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நீ அவரிடம் கேட்டது அத்தனையும் என்னிடம் கேட்க வேண்டியது. நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

இரண்டு நாள் கழித்து அவரிடம் சண்டைக்குப் போனேன். "உன்ன யாருய்யா பழி ஏத்துக்கச் சொன்னது" என்று கேட்டேன். அவர் ஷூவுக்குக் கயிறு மாட்டிக்கொண்டே சொன்னார், "உன்கூட அவன் பேசலன்னா நீ சோறு துன்ன மாட்ட. எனக்கு இன்னா, நான் துன்னுவேன்." நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். "இப்ப சொன்னா ரெண்டு பேர் மேலயும் கோவப்படுவான். உடு, ஆறட்டும்" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. நீ ஆரணியில் உன் சிநேகிதன் வீட்டு மாடியில் பத்து நாள் கிடந்து மறுபடியும் ஆறு மீட்டரில் அத்தனை சிறகையும் போட்டாய். நைனா வெட்டிய அச்சை நீ எடுத்துப் போகவில்லை, எல்லாவற்றையும் பிரஷ்ஷால் வரைந்தாய் என்று உன் சிநேகிதன் சொன்னான். விழாப் போட்டோவை நீ எனக்கு மட்டும்தான் காட்டினாய். நன்றாக இருந்தது. அது நீதானா என்று பயமாகவும் இருந்தது. யாரோ பெரிய மனுஷன் மாதிரி நின்றிருந்தாய். ஹைதராபாத்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்று நான் அழுதது சந்தோஷத்திலா வேறு எதிலா என்று என்னைக் கேட்காதே.

இன்னும் அசிங்கமான ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாலு மாதமும் நீங்கள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டீர்கள். "அவன் சாப்ட்டானான்னு கேளு." "அந்தாள டிவி சவுண்ட கொறைக்கச் சொல்லும்மா." உன் நைனாவை நீ அந்தாள் என்று சொன்னபோது நான் உன்னை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. போய் டிவி சத்தத்தைக் குறைத்தேன். ஏனென்றால், எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நீ, நடுவில் நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்கிற மாதிரி ஆகிவிட்டது. என்னை விட்டுவிட்டு நீங்கள் ரகசியமாகச் சாயம் காய்ச்சினீர்களே, இப்போது பாருங்கள் என்று உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டிருந்தது. பெற்ற தாய் இப்படி நினைப்பாளா என்று நீ கேட்கலாம். நினைத்தேன்.

போகிற இடத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் சொல்கிறேன், அம்மா சொல்லாமல் இருக்க மாட்டாள். பொடியைத் தொடும்போது கையுறை போடு, மூக்கையும் வாயையும் கட்டு, அழகாக இருக்கிறது என்று முகர்ந்து பார்க்காதே. வேலைத் துணியோடு சாப்பிட உட்காராதே. நாளைக்கு உனக்கு ஒரு பெண்டாட்டி வந்தால், நீ என்ன செய்கிறாய் என்று அவளுக்குக் காட்டு. புரியாவிட்டால் மறுபடி காட்டு. புரியாத ஆள்தான் கொம்பை எடுப்பாள். உனக்காக யாராவது பழியைத் தூக்கிச் சுமக்க வந்தால் அந்த நிமிஷமே தடுத்துவிடு. ஒரு ராத்திரி விட்டால் அது அப்படியே பழகிவிடும், பிறகு இப்படி நாலு பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

இந்தக் கடிதத்தை உன் பையில், சட்டைகளுக்கு நடுவில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ ரயிலில் படிப்பாய், திட்டுவதானால் போனில் திட்டுவாய், எனக்குச் சுலபம். நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். நேற்று உன் நைனா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவன் போற வண்டி நம்ம ஸ்டேஷன்ல நிக்காதுமே" என்றார். தெரியும், சென்ட்ரலில்தான் ஏற வேண்டும் என்றேன். "இல்ல, ரயில்வே கேட்டாண்ட கொஞ்சம் மெதுவாதான் போவும். நான் அங்க நின்னேன்னா பாக்கலாம். எந்தப் பெட்டின்னு அவன்கிட்ட கேட்டுச் சொல்றியா? எனக்குன்னு சொல்லாத" என்றார். நான் சரி என்றேன். அவர் எழுந்து போன பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்து போக முடியவில்லை.

அதனால் இதை உன் கையிலேயே கொடுக்கிறேன், இன்றைக்கே, நான் பக்கத்தில் நிற்கும்போதே. என்னிடம் நீ பேசாமல் இருக்கலாம், எத்தனை மாதம் வேண்டுமானாலும். சோறு நான் தின்றுகொள்வேன். அவர் இப்போது பின்பக்கம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து போ. எந்தப் பெட்டி என்று நீயே அவரிடம் சொல்.

அம்மா